நீங்க மலர்ல போடப்போறது அவங்க பேசின பேச்சே இல்ல: நம்ம சங்கத்து விழாக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அவர்களுக்கும் மகளிர் தின விழாக்குழுவுல இருக்கிற எல்லாருக்கும்,

செவ்வாய்க்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் குரூப்ல நீங்க போட்ட அறிவிப்பைப் பாத்துட்டுத்தான் இதை எழுதறேன். அமெரிக்காவுல அடிமையாப் பொறந்து, அடிமைமுறையை எதிர்த்தும் பெண்ணுரிமைக்காகவும் பேசுன கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத்தோட பேச்சுன்னு சொல்லி, மாறுவேடப் போட்டியில முதல் பரிசு வாங்குன "நான் பொம்பள இல்லீங்களா சாமி" ஸ்கிரிப்டை அப்படியே ஆண்டு மலர்ல போடப்போறீங்க, மூஞ்சியில கறுப்பு அப்பின அந்தக் கொழந்தையோட போட்டோ பின்னட்டையில வரப்போகுது, போதாததுக்கு அடுத்த வருஷத்துல இருந்து தமிழ்ப்பள்ளி பேச்சுப் போட்டிக்கும் அதையே மாதிரியா குடுக்கப்போறீங்க. விழா அன்னிக்கு நான் வாயத் தொறக்கல, மேடை ஏறுன பிள்ளை எட்டு வயசு, அது சிரிச்சுட்டு வருது, அது முன்னாடி சண்டை போட மனசு வரல. ஆனா மேடையில நடந்தது ரெண்டு நாள்ல மறந்து போயிடும், அச்சுல ஏறுனது லேசுல போகாது, அதுக்கு இந்தப் பேச்சை விடப் பெரிய சாட்சி வேணுமா என்ன.

நடந்ததை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா குரூப்ல "அவங்க பொண்ணுக்கு சான்ஸ் கிடைக்கலன்னு கோவம்"னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. ஆமா, அந்தக் கோவமும் கொஞ்சம் இருக்கு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். என் பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு. சோஜர்னர் ட்ரூத் 1851 மே மாசம் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் ஊர்ல பேசின பேச்சைத் தமிழ்ல பேசறேன்னு ஜனவரியிலயே பேரு குடுத்தா. நாம இருக்கிற ஊர்ல இருந்து ஆக்ரன் காருல நாப்பது நிமிஷம், அதனாலதான் அவளுக்கு அந்த ஆசையே வந்துச்சு. நெட்டுல தேடினப்போ அந்தப் பேச்சு ரெண்டு விதமா இருக்கிறதைப் பாத்துட்டு எது நிஜம்மான்னு கேட்டா, எனக்கும் அதுவரைக்கும் தெரியாது, உக்காந்து ரெண்டையும் படிச்சோம். அப்புறம் 1851லயே அச்சுல வந்த பழைய வடிவத்தைத்தான் எடுத்தோம்.

அதை ஒரு மாசமா மொழிபெயர்த்தா. அதுல ஒரு இடம் வருது, ஆணுக்கு ஒரு குவார்ட் புத்தி, பெண்ணுக்கு ஒரு பைண்ட் புத்தின்னே வெச்சுக்குவோம், அவளோட அந்தச் சின்ன பைண்டையாவது ரொப்பிக்க விடக்கூடாதான்னு அவங்க கேக்கற இடம். பைண்டுக்குத் தமிழ்ல என்னன்னு தெரியாம முழிச்சுட்டு இருந்தப்போ எங்கம்மா வீடியோ கால்ல வந்தாங்க, விஷயத்தைக் கேட்டாங்க, இருன்னு சொல்லிட்டுப் போயி பரண்ல இருந்து பழைய பித்தளை அளவை ரெண்டை எடுத்துட்டு வந்து கேமரா முன்னாடி வெச்சுக் காட்டுனாங்க, இது உழக்கு, இது உரி, ரெண்டு உழக்கு சேந்தா ஒரு உரிடின்னு. குவார்ட்டும் பைண்டும் அதே கணக்குதான், ரெண்டுக்கு ஒண்ணு. "ஆம்பளைக்கு ஒரு உரி, எனக்கு ஒரு உழக்குன்னா, என் உழக்கை நான் தளும்பத் தளும்ப ரொப்பிக்கக்கூடாதா?"ன்னு என் பொண்ணு எழுதுனா. அமெரிக்காவுல பொறந்த பிள்ளை, உழக்கைக் கண்ணால பாத்ததில்ல. அவ பாட்டி அங்க உக்காந்து அழுதுட்டாங்க, எதுக்கு அழறேன்னு கேட்டா தெரியலங்கறாங்க.

ரிகர்சல் அன்னிக்கு இதைக் கேட்டுட்டு நீங்க சொன்னது, "ஃபேமஸ் லைன் வரலியே." நான் விளக்கிப் பாத்தேன், "நான் பெண் இல்லையா"ங்கற அந்த ஃபேமஸ் லைன் 1851 அச்சுல கிடையாதுன்னு. "ஜனங்களுக்கு அதுதான் தெரியும், கைதட்டு அதுக்குத்தான் விழும்"னு சொல்லி வேற ஒரு ஸ்கிரிப்டைக் கையில குடுத்தீங்க. அதைப் பேச மாட்டேன்னு என் பொண்ணு சொன்னா, டைம் பத்தலன்னு அவ பேரை எடுத்துட்டு அந்தச் சின்னப் பிள்ளைகிட்ட குடுத்துட்டீங்க. சரி, அதோட போகட்டும்.

இப்போ அந்த ஸ்கிரிப்டுக்கு வரேன். அதைப் படிச்சப்போ எனக்கு முதல்ல வந்தது கோவம் இல்ல, கூச்சம். "ஏ சாமிங்களா, எசமானுங்களா, நான் பொம்பள இல்லீங்களா சாமி"ன்னு ஆரம்பிக்குது. பழைய சினிமாவுல பண்ணையார் முன்னாடி துண்டை இடுப்புல கட்டிட்டு நிக்கிற ஆளு பேசற பேச்சு அது. சோஜர்னர் ட்ரூத் யாரையும் எசமான்னு கூப்பிட்டு அந்த மேடையில பேசல. நீங்க எதைப் பாத்து மொழிபெயர்த்தீங்களோ அந்தத் திரிச்ச இங்கிலீஷ் வடிவத்துல கூட "பிள்ளைகளா"ன்னுதான் ஆரம்பிக்கும், ஒரு பெரிய மனுஷி சின்னவங்களைக் கூப்பிடற மாதிரி. திரிச்சவங்க கூடப் பண்ணாததை நீங்க பண்ணியிருக்கீங்க, மேடையில நிமிந்து நின்ன பொம்பளையைக் கையைக் கட்டி நிக்க வெச்சுட்டீங்க.

திரிச்ச வடிவம்னு ஏன் சொல்றேன்னா, விஷயம் இதுதான். ஆக்ரன் பெண்ணுரிமை மாநாடு நடந்தது 1851 மே 28, 29. அதுல உக்காந்து நேர்ல கேட்டவர் மேரியஸ் ராபின்சன், அடிமைமுறை ஒழியணும்னு பத்திரிகை நடத்துனவர், ஆன்டி ஸ்லேவரி ப்யூகிள்னு பேரு, சேலத்துல இருந்து வந்தது (நம்ம சேலம் இல்ல, ஒஹையோவுலயும் ஒரு சேலம் இருக்கு). மாநாடு முடிஞ்சு ஒரு மாசம் கூட ஆகல, ஜூன் 21ஆம் தேதி அந்தப் பேச்சை அச்சுல போட்டுட்டார். இதைப் பேப்பர்ல கொண்டு வரவே முடியாது, அந்த உருவத்தையும் குரலையும் நேர்ல பாத்தவங்களுக்குத்தான் அது புரியும்னு மேல எழுதிட்டுத்தான் போட்டிருக்கார். அதுல "நான் பெண் இல்லையா"ங்கற வரியே இல்ல. கொச்சை இங்கிலீஷும் இல்ல. ரெண்டு வார்த்தை பேசலாமான்னு தலைவர்கிட்ட கேட்டுட்டு, பெண்ணுரிமைன்னா நானேதான்னு தொடங்கறாங்க, எந்த ஆம்பளைக்கும் இருக்கிற தசை எனக்கும் இருக்கு, உழுதிருக்கேன், அறுத்திருக்கேன், கோது உரிச்சிருக்கேன், மரம் வெட்டியிருக்கேன், இதுக்கு மேல எந்த ஆம்பளை என்ன செஞ்சுட்டான்னு கேக்கறாங்க.

பன்னெண்டு வருஷம் கழிச்சு, 1863 ஏப்ரல்ல, உள்நாட்டுப் போர் நடந்துட்டு இருக்கும்போது, அதே மாநாட்டுக்குத் தலைமை வகிச்ச ஃபிரான்சஸ் கேஜ் தன் நினைவுல இருந்து அந்தப் பேச்சை மறுபடியும் எழுதுனாங்க. அந்த மாசம்தான் எழுத்தாளர் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் சோஜர்னரைப் பத்தி எழுதுன கட்டுரை ஒண்ணு அட்லாண்டிக் பத்திரிகையில வந்து பேசப்பட்டுட்டு இருந்துச்சு, அதுக்குப் பின்னாலயே இதுவும் வந்துச்சு. கேஜ் கெட்டவங்க இல்ல, அடிமைமுறையை எதிர்த்தவங்க, பெண்ணுரிமைக்கு உழைச்சவங்க, நல்ல எண்ணத்துலதான் எழுதியிருப்பாங்க. ஆனா அதுலதான் "நான் பெண் இல்லையா" நாலு தடவை வருது. அதுலதான் தெற்கு மாநிலத்து அடிமைகள் பேசற மாதிரி எழுத்தை உடைச்சு உடைச்சுப் போட்டிருக்காங்க, கறுப்பின மக்களைக் கேவலமா சொல்ற சொல்லு சோஜர்னர் வாயிலயே வருது, தனக்குப் பதிமூணு பிள்ளைங்கன்னு அவங்களே சொல்றாங்க. சபையில கூச்சல், இந்தப் பொம்பளையப் பேச விடாதீங்கன்னு சத்தம், அப்புறம் இவங்க எழுந்து எல்லாரையும் அடக்கறாங்கன்னு ஒரு சீன் வேற. 1851லயே வந்த செய்திகள்ல அந்த மாதிரி கூச்சல் எதுவும் கிடையாது. இதையெல்லாம் நெல் இர்வின் பெயின்டர்னு ஒரு வரலாற்றாசிரியை, அவங்களும் கறுப்பினப் பெண்தான், 1996ல வந்த தன்னோட புத்தகத்துல விலாவாரியா எழுதிட்டாங்க. நான் கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்ல.

நிஜத்துல சோஜர்னருக்குப் பிள்ளைங்க அஞ்சு. அவங்க பொறந்தது 1797 வாக்குல நியூயார்க் மாநிலத்துல, அல்ஸ்டர் கவுன்ட்டியில. தெற்குப் பக்கத்துல அடிமையா இருந்தவங்களே இல்ல. இதை விட முக்கியமா ஒண்ணு, அவங்க தாய்மொழி டச்சு. டச்சுக்காரங்க வீட்டுல அடிமை, அதனால ஒன்பது வயசு வரைக்கும் இங்கிலீஷே தெரியாது. அந்த வயசுலதான் ஏலத்துல நூறு டாலருக்கு ஒரு ஆட்டு மந்தையோட சேத்து இவங்களை வாங்கிட்டுப் போறான் ஒருத்தன், அந்த வீட்டுல பேசறது இங்கிலீஷ் மட்டும். வாணலியை எடுத்துட்டு வான்னு சொன்னா, வாணலின்னா என்னன்னு தெரியாது, அடுப்புல பானை தொங்கவிடற கொக்கியைக் கொண்டு போயி நிக்கும் அந்தப் பிள்ளை. அதுக்கு அடி. பின்னாடி, எழுதப் படிக்கத் தெரியாததால, தன் கதையை இன்னொருத்தருக்குச் சொல்லி 1850ல புத்தகமாப் போட்டாங்களே, அதுல இது வருது. எனக்கு அதைப் படிச்சதுல இருந்து அந்தக் கொக்கி கண்ணை விட்டுப் போகல. மொழி தெரியலன்னு அடி வாங்குன பிள்ளை அது, வளந்து அந்த மொழியிலயே சபையைக் கட்டிப் போடற அளவுக்குப் பேசுனதுக்கு அப்புறம், அந்தப் பேச்சை எடுத்து இன்னொரு ஊர்க்காரங்க பாஷையில, அதுவும் உடைஞ்ச பாஷையில போட்டுட்டாங்க.

இது அவங்களுக்கே பிடிக்கல. 1879ல மிச்சிகன் நாளிதழ் ஒண்ணுல வந்த செய்தி இருக்கு, தான் ஓரளவு சரியான இங்கிலீஷ் பேசறதுல சோஜர்னருக்குப் பெருமை, சின்ன வயசுல டச்சு பேசுன அவங்களுக்கு அது அந்நிய மொழி, பத்திரிகைக்காரங்க தெற்கத்திக் கொச்சையை வாயில திணிச்சு எழுதறது நியாயமில்லன்னு நினைக்கறாங்கன்னு. அவங்க புத்தகத்தோட 1875 பதிப்புலயே கேஜோட வடிவம் சேந்துருச்சேன்னு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்விதான், சேந்துச்சு. 1881ல பெண் வாக்குரிமை இயக்கத்து வரலாற்றுத் தொகுப்புலயும் ஏறுச்சு. ஒரு தடவை அச்சுல ஏறுனா அப்படித்தான், அதுக்கப்புறம் நிஜம் வரிசையில பின்னாடி நிக்கணும்.

எனக்கு ஏன் இது இவ்வளவு உறைக்குதுன்னா, எனக்கே இது நடந்திருக்கு, பெரிசா ஒப்பிடக்கூடாது, ஆனா நடந்திருக்கு. எனக்கு கோவில்பட்டிப் பக்கம். சென்னையில ஒரு காலேஜ்ல படிச்சேன், பேரு வேணாம். முதல் வருஷம் பேச்சுப் போட்டியில வரதட்சணையைப் பத்திப் பேசி முதல் பரிசு வாங்குனேன், மேடைத்தமிழ்லதான் பேசுனேன், அதுக்காக ராத்திரி ஹாஸ்டல் மொட்டைமாடியில நின்னு மனப்பாடம் பண்ணது இன்னும் ஞாபகம் இருக்கு. காலேஜ் மலர்ல அந்தப் பேச்சு வந்துச்சு. "மண்வாசனைக்காக" அதைக் கிராமத்து நடையில மாத்திட்டாங்களாம். "ஏனுங்க, பொட்டப்புள்ளைனா அவ்வளவு எளக்காரமாங்க"ன்னு என் பேருக்குக் கீழ. அது கொங்குப் பேச்சு. எங்க ஊருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, நான் அதுவரைக்கும் கோயம்புத்தூரைப் பாத்ததே கிடையாது. கிராமம்னா அவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான், சினிமாவுல கேட்டதுதான். மலரை ஊருக்கு எடுத்துட்டுப் போயி அம்மாகிட்ட குடுத்தேன், படிச்சுட்டு நிமிந்து பாத்து, "நீ எப்பட்டி கோயம்புத்தூருக்குப் போன?"ன்னு கேட்டாங்க. வீடே சிரிச்சுது, நானும் சிரிச்சேன், அப்புறம் கொல்லைப்பக்கம் போயி அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டேன். உழக்கைத் தூக்கிட்டு வந்து காட்டுனது அதே அம்மாதான்.

அடுத்தது மேக்கப். கிரீன் ரூம்ல நான் இருந்தேன், கண்ணால பாத்ததைத்தான் சொல்றேன். அந்தச் சின்னப் பிள்ளை கண்ணாடி முன்னாடி ஸ்டூல்ல உக்காந்திருக்கு, கால் தரையில எட்டல, ஒரு கிண்ணத்துல டார்க் ஃபவுண்டேஷனோட காப்பித்தூளையும் கண்மையையும் குழைச்சு ஸ்பாஞ்சால நெத்தியில இருந்து கழுத்து வரைக்கும் பூசறாங்க, காது மடலை விட்டுட்டாங்க, அது மட்டும் தனியாத் தெரியுது. உதட்டைச் சுத்தி செவப்பு. கிழிஞ்ச சாக்கு மாதிரி ஒரு துணி, கையில தொடப்பம். அப்போ ஹால் பாத்துக்கற அந்த அம்மா, கறுப்பினத்தவங்க, அறுபது வயசு இருக்கும், காலையில நமக்கு முன்னாடி வந்து ஹீட்டர் போட்டு வெச்சவங்க, சாவிக்கொத்தோட உள்ள வந்தாங்க. பிள்ளையைப் பாத்தாங்க. கண்ணாடியில அந்தப் பிள்ளையும் அவங்களைப் பாத்து சிரிச்சுது. மைக் சரியாயிடுச்சுன்னு மட்டும் சொல்லிட்டு, கதவைச் சத்தம் வராம சாத்திட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் சாயந்தரம் பூட்ட வரும்போது வேற ஒருத்தர்தான் வந்தார். நான் இதை உங்ககிட்ட ஃபோன்ல சொன்னப்போ நீங்க சொன்னது, "அவங்க ஒண்ணும் சொல்லலியே." ஆமா. சொல்லல.

இந்த நாட்டுல மூஞ்சியில கறுப்பு பூசி ஆடறதுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1830கள்ல இருந்து மின்ஸ்ட்ரல் ஷோன்னு வெள்ளைக்காரங்க கார்க்கைச் சுட்டு அந்தக் கரியைப் பூசிக்கிட்டு, உடைஞ்ச இங்கிலீஷ் பேசி, கறுப்பின மக்களைக் கோமாளியாக்கி டிக்கெட் போட்டு வித்தாங்க. சோஜர்னர் ஊர் ஊராப் போயி பேசிட்டு இருந்த அதே வருஷங்கள்ல பக்கத்துத் தெரு ஹால்லயே அது நடந்துட்டு இருந்திருக்கும். அந்தக் கரியும் அந்தக் கொச்சையும் ஒரே கடைச் சரக்கு. நமக்கு இது தெரியாது, நம்ம ஊர்ல மாறுவேடம்னா பாரதிக்கு மீசை, காந்திக்கு மொட்டை, அந்தக் கணக்குல போட்டுட்டோம்னு சொல்லலாம். ஆனா நாம எதுக்கெல்லாம் கறுப்பு பூசுவோம்னு நமக்கு நல்லாவே தெரியும். நான் நல்ல கறுப்பு. ஸ்கூல் டிராமாவுல அஞ்சு வருஷம் எனக்கு சூர்ப்பனகைதான், சீதை கேட்டதுக்கு டீச்சர் சிரிச்சாங்க. நம்ம சங்கத்துலயே கல்யாணப் பேச்சுன்னா "பொண்ணு நல்ல கலர்"னுதான் ஆரம்பிக்குது. அதனால தெரியாதுங்கறதை முழுசா ஏத்துக்க என்னால முடியல.

சோஜர்னர் எப்படி இருந்தாங்கன்னு நாம ஊகிக்கவே வேணாம், போட்டோ இருக்கு. அவங்களே ஸ்டூடியோவுக்குப் போயி எடுத்துக்கிட்டது. வெள்ளைத் தொப்பி, தோள்ல வெள்ளை சால்வை, கண்ணாடி, பக்கத்துல மேசை, மடியில பின்னிட்டு இருக்கிற நூல். அந்தப் படத்தைச் சின்ன அட்டையாப் போட்டு வித்துத்தான் சாப்பிட்டாங்க, 1864ல தன் பேர்லயே காப்பிரைட் வாங்கி வெச்சாங்க, அட்டைக்குக் கீழ "நிஜத்தைக் காப்பாத்த நிழலை விக்கிறேன்"னு அச்சடிச்சாங்க. தன் உருவம் எப்படி வெளிய போகணும்னு அவ்வளவு கவனமா இருந்த மனுஷிக்குத்தான் நாம சாக்கும் தொடப்பமும் குடுத்தோம்.

உங்க ஸ்கிரிப்டுல எது இல்லன்னும் சொல்லணும். பதிமூணு பிள்ளைங்களைப் பறிகுடுத்தேன்னு அழுகை வருது, ஆனா நிஜமா வித்துப் போன அந்த ஒரு பிள்ளைக்காக அவங்க என்ன செஞ்சாங்கங்கறது இல்ல. 1827 ஜூலை 4ஆம் தேதி நியூயார்க்ல அடிமைமுறை முடியுது, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே விடறேன்னு எசமான் வாக்கு குடுத்துட்டு மாத்திப் பேசறான், கையில அடிபட்டு வேலை கொறஞ்சுபோச்சாம். இவங்க அவனுக்கு உண்டான கம்பளி நூலை நூத்து முடிச்சுட்டு, 1826 கடைசியில ஒரு விடியக்காலையில கைக்கொழந்தையைத் தூக்கிட்டுக் கிளம்பறாங்க. நான் ஓடல, நடந்துதான் போனேன், அதுல தப்பில்லன்னு நினைச்சேன்னு பின்னாடி சொன்னாங்க. அதுக்கப்புறம், அஞ்சு வயசுப் பையன் பீட்டரை அலபாமாவுக்கு வித்துட்டாங்கன்னு தெரியுது. மாநிலத்தை விட்டு வெளிய விக்கறது அப்போவே சட்டவிரோதம். எழுதப் படிக்கத் தெரியாத, கையில காசில்லாத இந்தப் பொம்பளை கோர்ட்டுக்குப் போறாங்க, 1828ல ஜெயிச்சு பையனைத் திரும்ப வாங்கறாங்க. அந்தப் பையன் முதல்ல இது எங்கம்மா இல்லன்னு கத்துறான், உடம்பு பூரா சாட்டைத் தழும்பு. வெள்ளைக்காரங்க மேல கேஸ் போட்டு ஜெயிச்ச முதல் கறுப்பினப் பெண்கள்ல ஒருத்தர் இவங்க. அந்த வழக்குக் காகிதங்கள் நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்துல 2022லதான் கிடைச்சுது. மகளிர் தினத்துக்கு இதை விட வேற என்ன வேணும், சொல்லுங்க. அழுகைக்கு மூணு நிமிஷம் இருந்துச்சு, இதுக்கு இல்ல.

இன்னொண்ணு, நீங்க கேக்காட்டியும் சொல்றேன். 1867ல நியூயார்க்ல ஒரு கூட்டத்துல அவங்க பேசுனது, கறுப்பின ஆண்களுக்கு உரிமை வாங்கித்தரணும்னு ஒரே பரபரப்பா இருக்கு, கறுப்பினப் பெண்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, ஆண்களுக்கு மட்டும் கிடைச்சா அவங்க பெண்களுக்கு எசமான் ஆயிடுவாங்க, பழையபடி அதே கதைதான்னு. 1872ல மிச்சிகன்ல பேட்டில் கிரீக் ஊர்ல ஓட்டுப் போடப் போனாங்க, திருப்பி அனுப்பிட்டாங்க. 1883ல இறந்தாங்க. பெண்களுக்கு ஓட்டுன்னு அரசியல் சட்டத்துல எழுதுனது 1920ல. தன் பக்கத்து ஆளுங்ககிட்டயே, நட்பா இருக்கிறவங்ககிட்டயே, என் பங்கு எங்கன்னு கேட்டவங்க அவங்க. அவங்க பேரைச் சொல்லி நடத்துன விழாவுல நம்ம ஆளுங்ககிட்ட கேள்வி கேக்கறது குடும்பத்துக்குள்ள பிரச்சனை பண்றதாம், குரூப்ல ஒரு அண்ணன் எழுதியிருந்தீங்க. நீங்களே யோசிங்க அண்ணே.

விழா முடிஞ்ச அடுத்த சனிக்கிழமை நானும் பொண்ணும் ஆக்ரன் போனோம். மாநாடு நடந்த அந்தக் கல் சர்ச் இப்ப இல்ல, ஹை ஸ்ட்ரீட்ல அந்த இடத்துல 2024 மே மாசம் அவங்க பேர்ல ஒரு சதுக்கம் திறந்திருக்காங்க, அந்த ஊர் சிற்பி உட்ரோ நாஷ் செஞ்ச சிலை நிக்குது. பயங்கரக் காத்து. என் பொண்ணு பையில இருந்து பேப்பரை எடுத்து, சுத்திமுத்திப் பாத்துட்டு, சிலை முன்னாடி நின்னு முழுசாத் தமிழ்ல பேசிட்டா. கேக்க நான் ஒருத்திதான், அப்புறம் பஸ்ஸுக்கு நின்ன ஒரு பெரியவர். கடைசி வரி ஆம்பளையைப் பத்தி, ஒரு பக்கம் அடிமை நெருக்கறான், இன்னொரு பக்கம் பெண் நெருக்கறா, பருந்துக்கும் கழுகுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான்னு. நான் அதை மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு மாத்தச் சொன்னேன், அதுதான் தமிழ்ல சரியா விழும்னு. வேணாம்மா, அவங்க பறவைதானே சொன்னாங்கன்னுட்டா.

என் கோரிக்கை இதுதான். அந்த ஸ்கிரிப்ட் மலர்ல வரக்கூடாது. அந்த இடத்துல 1851 ஜூன்ல ராபின்சன் அச்சிட்ட பேச்சோட தமிழாக்கம் வரணும், என் பொண்ணு எழுதுனதுதான் வரணும்னு இல்ல, நம்ம சங்கத்துலயே நல்லா மொழிபெயர்க்கிறவங்க நாலு பேர் இருக்கீங்க, யாராவது பண்ணுங்க, பண்ணும்போது சென்னைப் பாஷையும் வேணாம், சாமி எசமானும் வேணாம். ஃபேமஸ் வரியைக் கண்டிப்பாப் போடணும்னா போடுங்க, இது 1863ல கேஜ் எழுதுனதுன்னு அதுக்குப் பக்கத்துலயே போடுங்க. பின்னட்டை போட்டோவை எடுத்துடுங்க, ஃபேஸ்புக்ல போட்டதையும் எடுத்துடுங்க, அந்தப் பிள்ளைக்காகவும்தான் கேக்கறேன், அதுக்குப் பதினெட்டு வயசாகி இங்க காலேஜுக்குப் போகும்போது அந்தப் படத்தை யாராவது தோண்டி எடுத்தா அது யார்கிட்ட போயி விளக்கம் சொல்லும். அதோட பரிசைப் பிடுங்காதீங்க, தப்பு அதுது இல்ல.

இனிமே நம்ம மேடையில யாரும் யாரா நடிச்சாலும் தோல் நிறம் பூசக்கூடாதுன்னு போட்டி விதியில எழுத்துல சேக்கணும். தமிழ்ப்பள்ளிக்கு மாதிரிப் பேச்சு குடுக்கறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் அது எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்கணும், அந்த வேலையை நானே செய்யத் தயார், சம்பளம் வேணாம். அப்புறம் அந்த ஹால் அம்மாவைத் தலைவர் நேர்ல போயி பாக்கணும். பொன்னாடை, பூங்கொத்து எல்லாம் வேணாம், போட்டோவும் வேணாம். தப்புன்னு சொல்லிட்டு வந்தாப் போதும். நீங்க போகலன்னா நான் போவேன், ஆனா நான் போறது சங்கம் போறது ஆகாது.

மலர் 20ஆம் தேதி பிரஸ்ஸுக்குப் போகுதுன்னு நீங்கதான் போட்டிருந்தீங்க. அதுக்கு முன்னாடி குரூப்லயே பதில் வேணும், தனியா எனக்கு ஃபோன் பண்ணி சமாதானம் சொல்ல வேணாம். பொண்ணோட தமிழாக்கத்தை இதோட இணைச்சிருக்கேன், ரெண்டு பக்கம்தான், படிச்சா நாலு நிமிஷம் ஆகும்.

இப்படிக்கு,
சங்கத்துல ஒன்பது வருஷமா உறுப்பினர், போன வருஷம் வரைக்கும் உங்க கூட அதே கமிட்டியில இருந்தவ